மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும்

மார்கழி 3, வியாழன்

இதைக் கையில் எடுத்துப் படிக்கிற மகராசன் யாரானாலும், மகராசி யாரானாலும், வாங்க, உட்காருங்க. சௌக்கியமா? வீட்டில் பெரியவர்கள், பிள்ளை குட்டிகள், கட்டுத்தறி மாடு கன்று எல்லாம் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? நீங்கள் சொல்கிற பதில் என் காதில் விழாது, தெரியும். ஆனாலும் இதைக் கேட்காமல் எனக்குப் பேச்சுத் தொடங்காது, எழுத்தும் தொடங்காது.

என் பெயர் சென்னியப்பன். காங்கயத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. டீக்கடைப் பேப்பரைப் படித்துப் படித்து எழுத்துக் கூடியதுதான் மிச்சம். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் கற்றுக்கொடுக்கிற ஜெசிந்தா டீச்சர், கடலில் இறங்குகிற எல்லாரும் தினமும் நாள் போட்டு எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். என் மகள் மேகலா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். லீவு கிடைத்தால் கடலுக்குப் போய் முங்குகிறாள். முதுகில் காற்று உருளை எதுவும் கட்டாமல், ஒரே மூச்சில் கீழே போய் ஒரே மூச்சில் மேலே வருவது. நம் ஊரில் கோவணத்தோடு கிணற்றில் செய்தோம், இவர்கள் ரப்பர் சட்டை போட்டுச் செய்கிறார்கள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சொந்தமும் சிநேகிதமுமாக அந்தமான் பக்கம் ஒரு தீவுக்குப் போய் ஒரு வாரம் கடலில் கிடக்கலாம், நீங்களும் வாங்கப்பா என்றாள். டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மாட்டைப் பார்க்க ஆளில்லாததால் என் மனைவி தெய்வானை வரவில்லை. விமானத்தில் ஒரு பன் கொடுத்தார்கள். எங்கள் கடைவீதி பேக்கரி பன் என்றால் அமுக்கினால் மறுபடி எழுந்திருக்கும், இது அமுக்கினால் அமுங்கியே... சரி, அந்தக் கதை எதற்கு.

போர்ட் பிளேரில் இறங்கித் தீவுக்குக் கப்பல் ஏறினோம். கப்பல் கரையை விட்டு நகர்ந்தாகிவிட்டது. அப்போது மேல்தட்டிலிருந்து ஓர் ஆள், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கல்யாண மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறான். நாச்சிமுத்து!

தெய்வானையின் கூடப் பிறந்த அண்ணன். என் மச்சான். மேகலா இரண்டாம் வகுப்புப் படிக்கிறபோது கடைசியாகப் பேசினோம்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு தன் மகன் பூபதியைப் பார்த்து, கப்பலுக்கே கேட்கிறாற்போல, "டேய், இந்தக் கப்பல்ல வேற எடமே இல்லியாடா? இங்க ஒரே சாணி நாத்தமா அடிக்குது" என்றான்.

நான் கடலைப் பார்த்துச் சொன்னேன்: "கோழிப்பண்ணக்காரனுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியுது."

மேகலாவைக் கூப்பிட்டேன். "ஏனம்மிணி, இது உன்ற வேலையா?"

"நானும் பூபதி மாமாவும் சேந்து பண்ணுன வேலைங்ப்பா."

"எனக்கு வேண்டாம். நான் ஊருக்குப் போறேன்."

"போங். குதிச்சு நீந்தியே போங். கை காட்டி அனுப்பறோம்."

அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையாகப் போகிற திலீபன் நல்ல பையன், சிரிக்கவில்லை. திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினான்.

மார்கழி 4, வெள்ளி

காலையில் புரோட்டா. இங்கே எல்லாருக்கும் தமிழும் கொஞ்சம் தெரிகிறது, இந்தியும் தெரிகிறது. தேங்காய் மலிந்து கிடக்கிறது, ஆனால் சட்னி அரைக்க ஒருத்தருக்கும் மனமில்லை.

கடற்கரை மரத்தடியில் எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள் ஜெசிந்தா. போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வயிற்றால் மூச்சு விட வேண்டுமாம். நாச்சிமுத்துவின் வயிறு எழுந்து தாழ்வதைப் பார்த்தால் நெல் கொட்டி வைக்கிற குதிரே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

பிறகு சோடி பிரித்தாள். தனியாக யாரும் முங்கக் கூடாது. ஒருத்தர் கீழே போனால் ஒருத்தர் மேலே மிதந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயதுக்கு வயது என்று என்னையும் நாச்சிமுத்துவையும் சோடி சேர்த்துவிட்டாள்.

"அம்மணி, எனக்கு வேற ஆளப் போடு" என்றேன் நான்.

"எனக்கும்" என்றான் அவன். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான்.

ஜெசிந்தா கேட்கவில்லை. "அங்கிள், இன்னொண்ணு. மேல வந்ததும் மொதல்ல மூச்ச இழுங்க. அப்புறம் கண்ணாடியக் கழட்டுங்க. உங்க ஜோடியோட மூஞ்சியப் பாத்து விரல வட்டமாக் காட்டுங்க. வாயத் தொறந்து 'நான் நல்லாருக்கேன்'னு சொல்லுங்க. சொல்லலேன்னா நீங்க மயக்கத்துல இருக்கீங்கன்னுதான் எனக்கு அர்த்தம். அன்னிக்கு அதோட கரைக்கு அனுப்பிருவேன்."

நாச்சிமுத்து தாடையைச் சொறிந்தான். "மூஞ்சியப் பாத்தேவா?"

"பாத்தே."

எங்கள் கிணற்றிலும் ஒரு முறை உண்டு. என் தோட்டத்துக்கும் அவன் தோட்டத்துக்கும் நடுவில் இருந்த கூட்டுக் கிணறு. நல்ல ஆழம். ஒருத்தன் முங்கினால் ஒருத்தன் கல்படியில் உட்கார்ந்திருப்பான். முங்கினவன் அடிமண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வர வேண்டும். மண் காட்டாவிட்டால் அடியைத் தொட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டோம். நேரமாகிவிட்டது என்று தோன்றினால் படியில் இருக்கிறவன் உள்ளங்கையால் தண்ணீரைப் பட் பட்டென்று தட்டுவான். அந்தச் சத்தம் அடி வரைக்கும் போகும். போதும், வா என்று அர்த்தம். எனக்குத்தான் அதிகம் தட்டுவார்கள். நான் கீழே போனால் சும்மா உட்கார்ந்துகொள்வேன். அங்கே ஒரு பச்சை வெளிச்சம் இருக்கும். அதனால் நாச்சிமுத்து எனக்கு ஆமை என்று பேர் வைத்தான். ஊரில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் தங்கையையே எனக்குக் கட்டிக் கொடுத்த பிறகு "மாப்ள" என்று கூப்பிடச் சொல்லி அவன் அம்மா அடித்துப் பார்த்தாள். ஆமைதான்.

அப்புறம் மழை இல்லாமல் கிணறு வறண்டது. ஒரு நாள் நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் வண்டி வண்டியாக மண் கொட்டி மூடிவிட்டான். பாதிக் கிணறு என்னுடையது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் அந்த இடத்திலேயே கோழிப்பண்ணை. ஊர் நடுவில் நின்று சொன்னேன்: "கெணத்த மூடுனவன் கையில ஒரு சொட்டுத் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டேன்." சொன்னது சொன்னதுதான்.

மார்கழி 5, சனி

முதல் நாள் கடல். தண்ணீர் நம்மூர்க் கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கிறது. ஒரு மிதவை, அதிலிருந்து கீழே ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்தபடியே போய்க் கயிற்றைப் பிடித்தபடியே வர வேண்டும். எங்களுக்கு ரெண்டு ஆள் ஆழம்தான் உத்தரவு.

முதலில் நாச்சிமுத்து போனான். நான் மேலே மிதந்து பார்த்தேன். வந்தான். விரலை வட்டமாகக் காட்டினான். சொல்லவில்லை.

"வாயால சொல்லுங்க அங்கிள்."

மிதவையைப் பார்த்து, "நல்லாருக்கறேன்" என்றான்.

"மிதவைக்கு இல்ல. அவருக்கு."

"அவரே பாத்துட்டாருல்ல."

ஜெசிந்தா எங்கள் ரெண்டு பேரையும் படகில் ஏற்றி உட்கார வைத்துவிட்டாள். அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவில் ஒரு பக்கெட் வாழைப்பழம். மற்றவர்கள் மீன் மாதிரி விளையாடினார்கள். மேகலா கீழே போகிறபோது கையைக் காலை அடிப்பதே இல்லை. இலை விழுகிற மாதிரி போகிறாள். யாரிடம் கற்றாளோ.

சாயங்காலம் தெய்வானை போனில் பேசினாள். காரி மாடு ஒரு வாரம் தள்ளித்தான் ஈனும் போலிருக்கிறது என்றாள். பத்திரிகை அச்சடிக்கிறவன் மறுபடி கேட்டானாம், தாய்மாமன் என்கிற இடத்தில் யார் பெயர் போடுவது என்று. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அவன் கட்டினால்தான் அம்மாவுக்கும் பிறந்த வீடு இருக்கிறது என்று பொருள். தெய்வானை ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க வந்ததும் சொல்றேன்னு சொல்லிட்டனுங்" என்றாள். அவள் அண்ணன் இங்கே இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. லைன் சரியில்லை, இரைச்சலாக இருந்தது.

மார்கழி 6, ஞாயிறு

இன்று ஓர் ஆமை பார்த்தேன். நிஜ ஆமை. கட்டில் அகலம் இருக்கும். நான் கயிற்றின் கீழ்க் கோடியில் இருந்தேன். அது பாட்டுக்குப் பாசியை மேய்ந்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரிந்தவன்தான் என்கிற மாதிரி போய்விட்டது. மேலே வந்து மூச்சிழுத்து, "ஆமை! ஆமை!" என்று கத்தினேன்.

எல்லாரும் எங்கே எங்கே என்றார்கள். நாச்சிமுத்து மட்டும் என்னைப் பார்த்தான். வாய் ஒரு ஓரம் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. ரப்பர் முகமூடி இறுக்கினால் அப்படித்தான் கோணும்.

நான் அவன் முகத்தைப் பார்த்து, விரலைக் காட்டி, "நான் நல்லாருக்கறேன்" என்றேன். விதி. விதியை மீறினால் படகில் உட்கார வேண்டும்.

அவன் முறை வந்தது. வந்தான், விரலைக் காட்டினான், என் காதைப் பார்த்துச் சொன்னான். ஜெசிந்தா போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கரையில் மேகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமங்கிட்ட நீங்களே கேளுங்ப்பா. பட்டம் கட்ட வாங்கன்னு ஒரு வார்த்த."

"பெரியப்பன் மச்சான் ஒருத்தர் வெள்ளகோயில்ல இருக்கறாரு. அவரு கட்டுவாரு."

"அவரு என்னப் பாத்ததே இல்லீங்ப்பா."

"கெணத்த மூடுனவன் கட்டறதுக்கு அவரு மேலு."

அவள் மணலைக் கையில் அள்ளி ஒழுக விட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அந்தக் கெணத்துக்குள்ள நான் எறங்குனேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க அடிமண்ணு எடுத்த கதயச் சொல்லிட்டே இருப்பீங்கல்ல. தண்ணி வத்திப்போச்சு, இப்ப நானும் எடுக்கலாம்னு கல்படில எறங்குனேன். பாதியில படி இல்ல. மேல ஏறவும் தெரியல. மாமன்தான் கத்தறது கேட்டு வந்து, எறங்கித் தூக்கிட்டு வந்தாரு. அப்பாகிட்டச் சொல்லாதீங்க மாமான்னு கால்ல உழுந்தேன். மக்யா நாளு விடிஞ்சதுமே மண்ணக் கொட்டி மூடிட்டாரு."

"நீ ஏன் இத்தன வருசம்..."

"மொதல்ல பயம். அப்பறம் நீங்க ஊரு நடுவுல அப்படிச் சொன்னது. அப்பறம் எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்ப்பா."

கடலில் அலை பெரிதாக இல்லை. இந்தப் பக்கத்துத் தென்னை எல்லாம் கடலைப் பார்த்துச் சாய்ந்தே வளர்கிறது. நம் பக்கத்துத் தென்னைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மார்கழி 7, திங்கள்

மழை. கடலில் இறங்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மார்கழி 8, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. ஜெசிந்தா மணல் தரையாக இருக்கிற வேறு இடத்துக்குக் கூட்டிப் போனாள். ஆழம் கொஞ்சம் கூடுதல். கயிறு மணலுக்கு ஒரு முழம் மேலே நிற்கும். "எதையும் தொடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது" என்று ரெண்டு தடவை சொன்னாள்.

படகில் நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்திருந்தான். முதுகைப் பார்த்தேன். அந்த முதுகில்தான் அன்றைக்கு அந்தக் குழந்தையைச் சுமந்துகொண்டு பாதிப் படி இல்லாத கிணற்றில் ஏறியிருக்கிறான். ரொம்ப நாளாகச் சுமை தூக்காத முதுகு மாதிரிதான் இருந்தது.

அவன் கீழே போனான். ஜெசிந்தா கொஞ்சம் தள்ளி மிதந்தாள். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோடி வரைக்கும் போய்விட்டான். போனவன் திரும்பவில்லை. ஒரு கை கயிற்றில். அப்படியே நிற்கிறான். கீழே பார்க்கிறான். நேரம் போகிறதா, எனக்குத்தான் போகிற மாதிரி இருக்கிறதா, தெரியவில்லை. சும்மா உட்காருவது என் பழக்கம். அவன் பழக்கம் இல்லை. என் கைபாட்டுக்குத் தண்ணீருக்கு மேலே வந்து, உள்ளங்கையால் பட், பட், பட்டென்று தட்ட ஆரம்பித்துவிட்டது.

இங்கே தண்ணீரை அடித்தால் ஆள் முழுகுகிறான் என்று அர்த்தமாம். எனக்குச் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டது. ஜெசிந்தா கீழே பாய்ந்தாள். படகுக்காரர் விசில் ஊதினார். பூபதி "அப்பா!" என்று கத்திக்கொண்டு குதித்தான். திலீபன் துடுப்புச் செருப்பு ஒரு காலில் மட்டும் போட்டபடி குதித்துவிட்டு வட்டமடித்துக்கொண்டிருந்தான். நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

நாச்சிமுத்து அவசரப்படாமல் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தான். மூச்சை இழுத்தான். கண்ணாடியைக் கழற்றினான். என் மூஞ்சியைப் பார்த்தான். நேராக. விரலை வட்டமாகக் காட்டினான்.

"நான் நல்லாருக்கறேன்" என்றான். அப்புறம், விதியில் இல்லாத ஒன்றையும் சொன்னான்: "நீ?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அலை வாய்க்குள் வந்துவிட்டது. இருமினேன். இருமிக்கொண்டே பார்க்கிறேன், அவன் மூடியிருந்த இடது கையை என் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து விரித்தான். வெள்ளை மணல், ஒரு பிடி.

"அங்கிள்! கைல என்ன அது? திரும்பப் போடுங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

"போட்டர்றம்மா, போட்டர்றேன். காட்டோணுமல்ல" என்று கையைக் கவிழ்த்தான். மணல் புகை மாதிரிக் கீழே இறங்கியது.

எங்களை ஏற்றி உட்கார வைத்தாள். எனக்குத் தனித் திட்டு, அவனுக்குத் தனித் திட்டு. உப்புத் தண்ணீர் தொண்டையை அறுத்தது. யாரோ பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். யார் கொடுத்தது என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. படகின் இந்தப் பக்கம் நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தோம்.

பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டேன். "பொண்ணு உள்ள எறங்குனத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவன் மேகலா இருக்கிற பக்கம் பார்த்தான். அவள் அப்போதுதான் தலையைக் கவிழ்த்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அந்தப் புள்ளயத் தண்ணித் தொட்டிப் பக்கமே உட்ருக்கமாட்ட. இப்ப இது இப்படிப் போகுமா?"

ரெண்டு பேரும் அவள் மேலே வருகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தாள். விரலைக் காட்டினாள். "நான் நல்லாருக்கேன்!" என்று கத்தினாள். தன் சோடியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை, விதியை மீறி, எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

மார்கழி 9, புதன்

மத்தியானம் கப்பல். பெட்டி கட்டியாகிவிட்டது. ரப்பர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது தோலையே உரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. இங்கே கருவாடு நன்றாக இருக்கிறது. தெய்வானைக்கு வாங்கியிருக்கிறேன். விமானத்தில் விடுவார்களா தெரியவில்லை. ஒரு காலத்தில் எங்கள் அப்பா ரயிலில் ஒரு சேவலைப் பையில் போட்டுக் கொண்டுபோய், அது ஈரோடு தாண்டியதும் கூவி... அந்தக் கதை பெரிது, இன்னொரு நாள் உட்கார்ந்தால் சொல்கிறேன்.

நாச்சிமுத்துவிடம் இன்னும் பட்டம் பற்றிக் கேட்கவில்லை. காலையில் டீ குடிக்கிறபோது கேட்டுவிடலாம் என்று போனேன். மழையைப் பற்றிப் பேசினோம். கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசினான். கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். இல்லாவிட்டால் விமானத்தில். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இந்த மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிணற்றில் குதிப்பதற்கு முன்னால் படியில் நிற்கிறபோது இப்படித்தான் இருக்கும். தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று தெரியும், குதிக்கத்தான் போகிறோம் என்றும் தெரியும், ஆனாலும் பின்னாலிருந்து ஒருத்தன் தள்ளிவிட்டால் நன்றாக இருக்கும்.

நாங்கள் தங்கியிருக்கிற வீட்டு வாசலில் அவன் போன் பேசிக்கொண்டு நடக்கிறான். யாரோடோ சண்டை போடுகிற மாதிரிக் கையை ஆட்டுகிறான். இப்போது என்னைப் பார்த்துவிட்டான். கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்துகிறான்:

"டேய் ஆமை! எழுதுனது போதும், எந்திரிச்சு வாடா! உன்ற பொண்டாட்டி போன்ல அழுதுட்டே இருக்கறா. பட்டத்த நாந்தான் கட்டுவேன்னு சொன்னா நம்பமாட்டேங்கறா, நீ சொன்னாத்தான் நம்புவாளாம்!"

இருங்கள், இதோ வந்துவிடுகிறேன், இந்த வரியை மட்டும் முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் மூக்குக் கண்ணாடியில் என்னவோ ஈரம், எழுத்தே தெரியவில்லை, நேற்றைய கடல் தண்ணீராகத்தான் இருக்கும், அவனானால் விடாமல்